ஆண்டவர் வேடம் கட்டிய அட்கின்

அட்கின் நல்ல உயரம். ஆனால் உடம்பில் சதையே கிடையாது. சிலுவையோடு சேர்த்து ஓர் ஆளைத் தூக்கி நிறுத்த வேண்டியவர்கள் அவனுடைய பக்தியை எடை போட்டுப் பார்க்கப் போவதில்லை. எங்கள் ஆல்டர்விக் ஊரின் ஆணிக்கொல்லர் சங்கத்தில் அட்கினைவிட லேசான ஆள் இல்லை. அதனால் அவன் ஆண்டவர் ஆனான்.

நற்கருணைத் திருநாளன்று எங்கள் ஊரில் ஒவ்வொரு தொழிற்சங்கமும் ஒரு வண்டியில் ஏறி வேதக் கதையில் ஒரு துண்டை நடிக்கும். வண்டி ஒவ்வொரு முனையிலும் நின்று ஆடி முடித்து அடுத்த முனைக்கு நகரும். பின்னாலேயே அடுத்த சங்கத்தின் வண்டி வந்து நிற்கும். விடிந்ததும் உலகம் படைக்கப்படும், பொழுது சாயும்போது தீர்ப்பு நாள் வந்துவிடும். அன்றைக்கு ஊரில் பல ஆண்டவர்கள் திரிவார்கள். ரொட்டிக்காரர்களின் ஆண்டவருக்குத் தொப்பை. தோல்காரர்களின் ஆண்டவருக்கு மாறுகண். சிலுவையில் அறைகிற காட்சி ஆணிக்கொல்லர்களுக்கு என்று எந்தக் காலத்திலோ பெரியவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். அந்த வண்டிக்கு வேண்டியது ஓர் ஆண்டவரும் நான்கு போர்வீரர்களும். போர்வீரன் வேடத்துக்கு எப்போதும் போட்டிதான். ஆண்டவர் வேடத்துக்கு யாரும் முன்வர மாட்டார்கள். மணிக்கட்டில் கயிறு அறுக்கும், வெயில் கண்ணில் குத்தும், அதோடு ஏல் என்கிற பார்லிக் கள் குடிக்கவும் முடியாது.

நான் மீன் தெரு முனையில் ஏல் காய்ச்சி விற்பவள். வண்டிகள் நிற்கிற முனைகளில் ஒன்று சரியாக என் வாசலுக்கு எதிரே. அட்கினும் அவன் பெண்டாட்டி மரியட்டும் என் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அவர்களைப் பற்றி நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி மரியட் சொன்னது.

அவன் வடக்கே மலைப்பக்கத்திலிருந்து வந்தவன். கொள்ளை நோய் அவன் வீட்டில் ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. வேலை தேடி எங்கள் ஊர் மதில் வாசலுக்கு வந்தபோது, வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதுமே காவல்காரர்கள் சிரித்தார்களாம். அந்தப் பக்கத்துப் பேச்சு அப்படி. இழுத்து இழுத்து, ஆடு கத்துவதுபோல் இருக்கும். ஸ்டேவ்லி என்ற ஆணிக்கொல்லர் அவனைத் தன் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். பெரிய பட்டறை, சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அட்கின் நன்றாக ஆணி அடித்தான். ஆனால் வெளியூர்க்காரன், கையில் ஒன்றும் இல்லாதவன். சாகும் வரை கூலிக்காரன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஸ்டேவ்லியின் அக்கா மகன் டிக்கன். அந்தப் பட்டறை பிற்பாடு அவனுக்குத்தான். தடித்த கழுத்து, தடித்த கை, வாய் அதைவிடத் தடிப்பு. அட்கின் என் கடைக்குள் நுழைந்தால் டிக்கன் ஆடு மாதிரி கத்துவான், கூட இருப்பவர்களும் கத்துவார்கள். "என்னடா ஆட்டுக்குட்டி, ஏல் வேணுமா, ஒரு கட்டுப் புல்லு போடச் சொல்லவா?" என்பான். அட்கின் சிரித்துக்கொண்டே மூலையில் போய் உட்காருவான். வேறு என்ன செய்வான்.

மரியட் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவள். முழங்கை வரை நீலம் ஏறி, கழுவினாலும் போகாத கை. அவளும் ஒருவரும் இல்லாதவள். இரண்டு பேரும் கோயில் வாசலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டபோது சாட்சிக்கு நின்றது நானும் கோயில் பிள்ளையும் மட்டும். ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஆவிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

முன்பு ஆண்டவர் வேடம் கட்டியவர் வயதாகிப் பருத்துப்போனதும், ஸ்டேவ்லி பட்டறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு அட்கினைக் கை காட்டினார். அவனுக்கு எழுத்து தெரியாது. சங்கத்து எழுத்தர் சைமன் ஏட்டைப் பார்த்து வரி வரியாகச் சொல்ல, இவன் சம்மட்டித் தாளத்துக்கு அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தான். அந்த வருடம் அவன் சிலுவையில் கட்டுண்டு பேசியபோது ஊரே வாயடைத்துப் போயிற்று. யாரைப் பார்த்து ஆடு என்று சிரித்தார்களோ அந்தக் குரல், மேலே இருந்து வந்தபோது ஆழமாகவும் பழையதாகவும் கேட்டது. சாணியும் சேறுமாகக் கிடந்த தெருவில் பெண்கள் மண்டியிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு என் கடையில் யாரும் ஆடு மாதிரி கத்தவில்லை.

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. தாடி வளர்த்தான். தெருவில் மெதுவாக நடக்கப் பழகினான். கிழவிகள் அவனைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டால் தலையைச் சற்றே சாய்ப்பான். மரியட் அவனைக் கேலி செய்வாள். "ஆண்டவரே, அந்த வெறகை ஒடிச்சுக் குடுத்துட்டு அப்பறமா பரலோகம் ஏறுங்க" என்பாள். அவனும் ஒடித்துக் கொடுப்பான். அந்த ஒன்றிரண்டு வருடங்கள் அவர்கள் நன்றாக இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு நகர சபையிலிருந்து புகார் வந்தது. ஆணிக்கொல்லர் வண்டி ஒவ்வொரு முனையிலும் நேரத்தை இழுக்கிறது, பின்னால் வரும் கசாப்புக்காரர்களின் வண்டி காத்துக் கிடக்கிறது என்றார்கள். சிலுவையைப் படுக்கப் போட்டு ஆணி அடித்து, கடைசியில் கொஞ்ச நேரமே கையால் தூக்கிப் பிடிப்பதால் பின்வரிசையில் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும் சொல்லி, சங்கத்துக்கு அபராதம் போட்டார்கள். ஸ்டேவ்லிக்கு அபராதத்தைவிட அவமானம் பெரிதாக இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் புதிய வண்டி செய்தார். வண்டியின் நடுவில் குழி மாதிரி ஒரு மரப்பெட்டி. அறைந்த பிறகு சிலுவையைத் தூக்கி அடியை அதற்குள் இறக்கி ஆப்பு அடித்துவிட்டால், அட்கின் கூரைகளுக்கு மேலே தெரிவான். ஒவ்வொரு முனையிலும் இறக்கி ஏற்றினால் மறுபடியும் தாமதமாகும் என்பதால், முதல் முனையில் ஏற்றினால் கடைசி முனையில்தான் இறக்குவது என்று முடிவு செய்தார்கள். நடுவே வருகிற முனைகளில் போர்வீரர்கள் சும்மா ஒருமுறை சம்மட்டியால் தட்டிக்காட்டி, கயிற்றை இறுக்கினால் போதும்.

அட்கின் ஒன்றே ஒன்று கேட்டான். கால் வைக்கிற கட்டை இரண்டு விரல் அகலம்கூட இல்லை, கொஞ்சம் பெரிதாக வைத்தால் நன்றாக இருக்கும் என்றான்.

"ஆண்டவருக்கு எவன்டா முக்காலி போட்டுக் குடுத்தான்?" என்றார் ஸ்டேவ்லி. பட்டறையே சிரித்தது. கட்டை அப்படியே இருந்துவிட்டது.

அந்தத் திருநாளில் மீன் தெருவுக்குத் திரும்புகிற வளைவில் வண்டிச் சக்கரம் சாக்கடைக்குள் இறங்கியது. நான் வாசலில் குடத்தோடு நின்றிருந்தேன். சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓர் உதறு உதறி, மறுபடியும் நிமிர்ந்தது. அட்கினின் கால் கட்டையிலிருந்து வழுக்கியது. உடம்பு முழுவதும் வலது மணிக்கட்டுக் கயிற்றில் தொங்கியது. அப்போது அவன் போட்ட சத்தம் மாதிரி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. பன்றி அறுக்கும்போதுகூட அப்படி வராது.

வண்டி என் வாசல் முன் வந்து நின்றது. எதிர்மாடியில் நகரத் தலைவரும் அவர் மனைவியும் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அட்கின் தலையைக் குனிந்து, கீழே நின்ற டிக்கனிடம் மெதுவாகப் பேசினான். நான் நின்ற இடத்துக்கு அது கேட்டது.

"டிக்கண்ணே, தோளு கழண்டு போச்சு. எறக்கி விடு."

டிக்கன் ஸ்டேவ்லியைப் பார்த்தான். ஸ்டேவ்லி மாடியைப் பார்த்தார். அங்கே நகரத் தலைவரின் மனைவி முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். தெரு முழுவதும் மார்பில் அடித்துக்கொண்டு நின்றது.

"வசனத்தச் சொல்லு" என்றார் ஸ்டேவ்லி.

அட்கின் சொன்னான். ஒவ்வொரு வரிக்கும் நடுவே அந்தச் சத்தம் வந்தது. என்னருகில் நின்ற ஒருத்தி மயங்கி விழுந்தாள். இப்படி ஒரு நடிப்பை இந்த மாகாணமே பார்த்ததில்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இன்னும் மூன்று முனைகள் பாக்கி இருந்தன. மூன்றிலும் ஆடிவிட்டுத்தான் இறக்கினார்கள்.

எலும்பு கட்டுகிற பெர்னல் வந்து, அவனைத் தரையில் கிடத்தி, அவன் அக்குளில் தன் குதிகாலை ஊன்றிக் கையைப் பிடித்து இழுத்துத் தோளை உள்ளே தள்ளினாள். அதற்குள் தோள் குடம் மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே போனது, ஆனால் நிற்காது என்றாள். அவள் சொன்னபடிதான் ஆயிற்று. சட்டை போட கையைத் தூக்கினாலே கழன்றுகொள்ளும். இடக்கையால் முட்டுக்கொடுத்து அவனே உள்ளே தள்ளிக்கொள்வான். அன்று மாலை நகரத் தலைவர் வீட்டிலிருந்து சங்கத்துக்கு ஆட்டுத்தொடை ஒன்று வந்தது. அட்கினுக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார்கள். மரியட் பிய்த்து அவனுக்கு ஊட்டினாள்.

சம்மட்டி தூக்க முடியாதவனை ஸ்டேவ்லி வெளியே தள்ளவில்லை. துருத்தி இழுக்க வைத்துக்கொண்டார், கூலியைப் பாதியாக்கினார். தன்னுடைய நல்ல மனதைப் பற்றி என் கடையில் உட்கார்ந்து அவரே பேசியதுண்டு. வேடம் கட்டுகிற வரைக்கும்தான் துருத்தி வேலை என்று அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அட்கினுக்குப் புரிந்தது.

அடுத்த வருடம் அழுகிற ஆண்டவரைப் பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் ஜனம் வந்தது. என் கடையில் ஏல் நடுப்பகலிலேயே தீர்ந்துபோயிற்று. டிக்கன் இந்த ஒரு வருடத்தில் ஒரு வித்தை கற்று வைத்திருந்தான். கயிற்றை இறுக்குகிற சாக்கில் கீழ்நோக்கி ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் தோள் கழன்றுவிடும். முனைக்கு ஒருமுறை இழுத்தான். வண்டி நகரும்போது பக்கத்தில் ஏறி அவனே உள்ளே தள்ளியும் விட்டான், அடுத்த முனைக்கு வேண்டுமே. அப்படிச் செய்யச் சொல்லி ஸ்டேவ்லி சொன்னதில்லை. செய்யாதே என்றும் சொன்னதில்லை.

மரியட் ஸ்டேவ்லியிடம் போய் நின்றாள். சங்கத்து விஷயத்தில் பெண்களுக்குப் பேச்சில்லை என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் அவளை உட்காரவைத்து, பொறுமையாகப் பேசினாராம். "வலிய ஆண்டவருக்கு ஒப்புக்குடுக்கச் சொல்லும்மா. உத்தரிக்கிற ஸ்தலத்துல அவன் கெடந்து வேக வேண்டியது இங்கயே கழிஞ்சுபோகும். எல்லாருக்குமா இந்தப் பாக்கியம் கெடைக்குது?"

"அப்ப வர்ற வருசம் நீங்க ஏறுங்க சாமி" என்றாள் மரியட்.

அதற்குத் தண்டனையாக அடுத்து வந்த ஞாயிறுகளில் வெறுங்காலோடு, கையில் மெழுகுதிரியோடு, பூசை முடிகிற வரைக்கும் கோயில் நடுவில் நிற்கச் சொல்லி அவளுக்குத் தீர்ப்பாயிற்று. நின்றாள். டிசம்பர் மாதம் அது.

மூன்றாவது திருநாள் நெருங்கியது. ஆண்டவர் வேடத்துக்கு வெள்ளாட்டுத் தோலில் உடம்போடு ஒட்டித் தைத்த உடுப்பு ஒன்று உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் வெற்றுடம்பு மாதிரி தெரியும், கயிறும் மரமும் மேலே நேராக உரசாது. விலை உயர்ந்த பொருள். அதை எண்ணெய் பூசி மெதுவாக்குவதற்காகத் திருநாளுக்கு முந்தின வாரம் ஆண்டவர் வேடக்காரனின் வீட்டில் கொடுத்துவைப்பார்கள். மரியட் அதை எடுத்து, சாயப்பட்டறைக் கத்தியால் வார் வாராகக் கிழித்துப்போட்டாள். உடுப்பு இல்லாவிட்டால் நாடகம் நடக்காது என்று நினைத்தாள். என்னிடம் ஓடிவந்து அதைச் சொன்னபோது சிரித்தாள்கூட. ஒரு கட்டுத் தோலைக் கிழித்தால் நின்றுபோகிற நாடகம் இல்லை அது.

மறுநாளே அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சங்கத்துச் சொத்தை அழித்தது, புனிதத் திருநாளுக்கு அவமரியாதை செய்தது என்று இரண்டு குற்றம். திருநாளன்று பொழுது சாயும் வரைக்கும் அவளைக் காலைப் பூட்டுகிற தொழுக்கட்டையில் மாட்டிவைக்க வேண்டும் என்று தீர்ப்பு. தொழுக்கட்டை இருப்பது சந்தைத் திடலில். வண்டிகள் நிற்கிற முனைகளில் அதுதான் பெரியது.

அட்கினை இடுப்புத் துணியோடு ஏற்றினார்கள். உடுப்பு இல்லாததால் கயிறு தோலைத் தின்றது. என் வாசலைத் தாண்டியபோதே மணிக்கட்டுகள் இரண்டும் சிவந்து வழிந்துகொண்டிருந்தன. நான் கடையைச் சாத்தி, ஆவிஸைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னாலேயே சந்தைத் திடலுக்குப் போனேன்.

மரியட்டின் கால்கள் கட்டைக்குள் இருந்தன. காலையிலிருந்து அவள்மேல் முட்டைக்கோஸ் தண்டும் மீன் குடலும் விழுந்திருந்தன. நோவாவின் வண்டி நின்றபோது ஒருவன் அவள் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டி, பிரளயம் வந்துவிட்டது என்றானாம். இப்போது ஆணிக்கொல்லர் வண்டி அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றது. கூட்டம் அவளையும் பார்த்தது, சிலுவையையும் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "மாதா வந்து முன்னாடியே எடம் புடிச்சு ஒக்காந்துருக்காங்க" என்றது. பெரிய சிரிப்பு.

டிக்கன் கயிற்றை வெட்டி இழுத்தான். அட்கின் அலறினான். சிரிப்பு அடங்கியது. அடுத்து அவன் வசனம் சொல்ல வேண்டும், தன்னை வதைக்கிறவர்களை மன்னிக்கும்படி வானத்துப் பிதாவைக் கேட்கிற வசனம். அவன் வாயைத் திறந்தான். கண் மரியட்டின் மேல் இருந்தது.

"எம் பொண்டாட்டிய அவுத்து விடுங்கடா" என்றான்.

திடல் முழுவதும் சிரித்தது. அந்தத் திருநாளில் அதைவிடப் பெரிய சிரிப்பு எந்த வண்டிக்கும் கிடைக்கவில்லை. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எழுத்தர் சைமன் வண்டிக்கடியிலிருந்து சரியான வசனத்தை எடுத்துக்கொடுத்தார். அட்கின் அதைச் சொல்லவில்லை. அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னான், இந்த முறை கெஞ்சலாக. டிக்கன் மறுபடியும் இழுத்தான். மறுபடியும் சொன்னான். மறுபடியும் இழுத்தான். தோள் ஏற்கெனவே வெளியே கிடந்தது. இழுத்தபோது வேறு ஏதோ அறுந்தது. கை சிலுவையின் குறுக்குமரத்துக்குக் கீழே, கை இருக்கக் கூடாத ஓர் இடத்தில் தொங்கியது. அதன் பிறகுதான் அட்கின் வசனத்தைச் சொன்னான், முழுவதையும், ஒரு வார்த்தை பிசகாமல். கடைசி வரிக்குக் கூட்டம் ஆமென் என்றது.

அத்தனை நேரமும் கட்டைப் பலகையின் விளிம்பைப் பிடித்திருந்த மரியட்டின் நகங்களில் இரண்டு பெயர்ந்து வந்ததை நான் பொழுது சாய்ந்து அவளை அவிழ்த்துவிட்டபோதுதான் பார்த்தேன்.

ஏட்டில் இல்லாததைப் பேசி நாடகத்தைக் கெடுத்ததற்காக நகர சபை சங்கத்துக்கு அபராதம் போட்டது. சங்கம் அட்கினை வெளியே போட்டது. துருத்தி வேலையும் போயிற்று. தொழுக்கட்டையில் உட்கார்ந்தவளைச் சாயப்பட்டறையிலும் திரும்பச் சேர்க்கவில்லை. மரியட் என் பீப்பாய்களைக் கழுவிக் கொடுத்துக் கஞ்சிக்கு வழி பார்த்தாள். அட்கின் கோயில் வாசலில் உட்கார்ந்தான். வலது கை காய்ந்த கொடி மாதிரி சுருங்கிவிட்டது; விரல் ஒன்றுகூட மடங்காது. போகிறவர்கள் காசைக் காட்டி, "ஒரு தடவ கத்திக் காட்டு, போடுறேன்" என்பார்கள். முதலில் மறுத்தான். குளிர் ஏறிய பிறகு கத்திக் காட்டினான்.

அடுத்த வருடத்துத் திருநாளுக்கு டிக்கனையே ஆண்டவராக ஏற்ற வேண்டி வந்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை. தாய்மாமன் அவனுக்கு அகலமான கால்கட்டை வைத்துக்கொடுத்தார், அக்குளுக்குக் கம்பளி வைத்துக் கட்டினார். டிக்கன் காளை மாடு மாதிரி முக்கினான். யாரும் அழவில்லை. சந்தைத் திடலில் அவன்மேல் வேகவைத்த பட்டாணியை எறிந்தார்கள். பழைய ஆளைக் கொண்டுவா என்று கூப்பாடு போட்டார்கள்.

அறுவடை முடிந்ததும் ஸ்டேவ்லி அவர்கள் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், அந்த அறையில் அவர் அப்படிச் செய்வார் என்று நான் நினைத்ததில்லை. நடந்தது நடந்துபோயிற்று, சங்கம் மன்னித்துவிட்டது, அட்கின் திரும்பி வரலாம் என்றார். காய்ந்த கையைக் கட்டிவிடலாம், இன்னொரு தோள் இருக்கிறதே என்றும் சொன்னார்.

மரியட் எழுந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அட்கின், "வர்றேன் எசமான்" என்றான்.

அவன் முகத்தை நான் பார்த்தேன். பயத்தில் சொன்ன முகமில்லை. பசியில் சொன்ன முகமும் இல்லை, பசி இருந்தது என்றாலும். பழைய நாட்களில் தெருவில் மெதுவாக நடந்து போவானே, அந்த முகம். மரியட்டும் அதைப் பார்த்துவிட்டாள். ஸ்டேவ்லி போன பிறகு அவள் சண்டை போடவில்லை.

"அன்னைக்கு அவ்வளவு பேருக்கு முன்னால என்னை அவுத்து விடச் சொன்னியே, அதுக்காக எதையும் தாங்கிக்கலாம்னு இருந்தேன்" என்றாள். "இப்ப நீயா ஏறுற. இதை எம் மக பாக்க வேண்டாம்."

அவன் வடக்கத்திப் பேச்சில் ஏதோ முனகினான், எனக்குப் புரியவில்லை. அந்த வாரமே ஹல் துறைமுகத்துக்குக் கம்பளி மூட்டை ஏற்றிப் போகிற வண்டியில் மரியட் ஆவிஸைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். அட்கின் மதில் வாசல் வரைக்கும் கூடவே நடந்தான். குழந்தைக்கு ஓட்ஸ் ரொட்டி ஒன்று கொடுத்தான். போகாதே என்று அவன் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேன் என்று மரியட் என்னிடம் சொல்லியனுப்பினாள், வெகுநாள் கழித்து. அவன் சொல்லவில்லை.

அதன் பிறகு இரண்டு திருநாள்களில் அவன் ஏறினான். இடது தோளையும் டிக்கன் சீக்கிரமே கழற்றப் பழக்கிவிட்டான். ஜனம் பழையபடி அழுதது. நகரத் தலைவர் வீட்டிலிருந்து ஆட்டுத்தொடை வந்தது. மூன்றாவது முறை அவனுக்குத் தவக்காலத்திலிருந்தே நெஞ்சில் சளி கட்டியிருந்தது. டிக்கன் எவ்வளவு இழுத்தும் சத்தம் வரவில்லை. வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. கீழே நின்றவர்கள் கேட்கவில்லை கேட்கவில்லை என்று கத்தினார்கள். கடைசி முனையில் இறக்கியபோது ஸ்டேவ்லி அவனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அவனைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து என் பீப்பாய் அறையில் படுக்கவைத்தது நான்தான். இரண்டு கையும் உதவாதவனுக்குக் கஞ்சி ஊட்டவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

பனி இறங்குகிற காலத்தில் செத்துப்போனான். கடைசி நாட்களில் வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், குரலில்லாமல், உதடு மட்டும் அசையும். சங்கத்து விதிப்படி அவனுக்குப் பந்தம் பிடித்து, மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் புதைத்தார்கள். டிக்கன் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தான். எடையே இல்லை என்று திரும்பி வரும்போது சொன்னான். ஸ்டேவ்லி அடுத்த வருடத்துக்குத் தெற்கிலிருந்து ஒரு ஆளைக் கூலிக்குப் பிடித்துவந்தார். அவன் எங்கேயோ திருட்டுக்காகக் காது அறுபட்டவன், நன்றாகவே கத்தினான்.

கம்பளி வண்டிக்காரன் ஹல்லில் மரியட்டைப் பார்த்தான். அவள் மீன் சந்தையில் ஹெர்ரிங் அறுத்து உப்புப் போடுகிற பெண்களோடு உட்கார்ந்திருந்தாளாம். கையில் நீலம் போய்விட்டது, செதில்தான் ஒட்டியிருந்தது. அட்கின் செத்த சேதியைச் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்தாள், துணியில் கையைத் துடைத்தாள், யார் கஞ்சி கொடுத்தது என்று கேட்டாள். என் பெயரைச் சொன்னானாம். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டாள். ஆவிஸ் பக்கத்தில் கூடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. அதன் காதில் விழாமல் வண்டிக்காரனிடம் மெதுவாகச் சொன்னாள்:

"அவங்கப்பா கடல்ல போனவரு வரலைன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க ஒண்ணும் பேசிடாதீங்கண்ணே."

அந்தத் துறைமுகத்தில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் அப்படித்தான் போயிருந்தார்கள். யாரும் அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை.